ஷட்டவுன் கொடுத்தாலும் எழுந்து நிற்கும் கடைக் கம்ப்யூட்டர்: பார்த்ததும் மாற்றியதும்

ஷட்டவுன் கொடுத்தால் அணையாமல் ரீஸ்டார்ட் ஆகிறது என்று யாராவது கம்ப்யூட்டரைக் காட்டினால், எந்த செட்டிங்கிலும் கை வைப்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஷட்டவுன் கொடுத்துவிட்டுக் கேபினெட் பக்கத்தில் காதைக் கொண்டுபோய், ஃபேன் சத்தம் ஒரு நொடியாவது முழுசாக நிற்கிறதா, இல்லை நிற்காமலே திரையில் மறுபடி லோகோ வருகிறதா என்று கவனியுங்கள். நின்று, சில நொடி கழித்து எழுந்தால் அது ரீஸ்டார்ட்டே கிடையாது. கம்ப்யூட்டர் ஒழுங்காக அணைந்திருக்கிறது, அப்புறம் வேறு ஏதோ அதை எழுப்பியிருக்கிறது. நிற்காமலே வந்தால்தான் விண்டோஸையும், ஒவ்வொரு சாதனத்தையும் இயக்கும் மென்பொருளான டிரைவரையும் சந்தேகப்பட வேண்டும். இதைப் பார்க்காமல் இணையத்தில் கிடைக்கிற எல்லா வைத்தியத்தையும் வரிசையாகச் செய்கிறவர்கள்தான் அதிகம். ஏதோ ஒன்று பலித்துவிடும், எது பலித்தது என்று தெரியாது, அடுத்த அப்டேட் வந்ததும் திரும்ப முதலிலிருந்து.

கும்பகோணத்தில் என் சித்தப்பா ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ் என்று போர்டு, ஆனால் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம், பான் கார்டு, ரயில் டிக்கெட் எல்லாம் அங்கேதான். கவுன்டரில் ஒரு அசெம்பிள் செய்த டெஸ்க்டாப், விண்டோஸ் 11, 24எச்2 பதிப்பு. பக்கத்து மேசையில் விண்ணப்ப வேலைக்கு ஒரு லேப்டாப். இரண்டும் ஒரே ரவுட்டரில் கேபிள் வழியாக, டெஸ்க்டாப்பில் இருக்கும் ஒரு ஷேர்டு ஃபோல்டரை லேப்டாப் பயன்படுத்துகிறது, வாடிக்கையாளர் அனுப்பும் ஃபைல் எல்லாம் அதில்தான் விழும். டெஸ்க்டாப்புக்கு மட்டும் 600 விஏ யுபிஎஸ்.

பிரச்சினை இரவில் ஷட்டரை இறக்கும் நேரத்தில். கடைக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமில்லையா, கம்ப்யூட்டரை ஷட்டவுன் கொடுத்துவிட்டு, கல்லாவை எண்ணி, விளக்கை அணைத்து, கடைசியில் மெயினை இறக்கிவிட்டு ஷட்டரை இழுப்பார்கள். அந்த இடைவெளியில் டெஸ்க்டாப் மறுபடி எழுந்து லாகின் திரையில் நிற்கும், மானிட்டர் ஏற்கெனவே சுவிட்சில் அணைந்திருப்பதால் யாருக்கும் தெரியாது. மெயின் போனதும் யுபிஎஸ் தன் பேட்டரியில் அதைத் தாங்கும், உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், கொஞ்ச நேரம் பீப் பீப் என்று கத்திவிட்டு உயிரை விடும். கம்ப்யூட்டரும் கூடவே தடாலென்று நிற்கும். காலையில் திறந்தால் டிஸ்க் சரிபார்ப்பு ஓடும், அல்லது "மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்" என்று அப்டேட் பின்வாங்கிக்கொண்டிருக்கும், வெளியே ஆட்கள் விண்ணப்பத்தோடு நிற்பார்கள். லெட் ஆசிட் பேட்டரியை இப்படி அடிக்கடி அடிவரை உறிஞ்சினால் அதன் ஆயுளும் குறையும், யுபிஎஸ் பேட்டரியை மாற்ற வேண்டி வந்ததே இதனால்தான் என்பது என் கணக்கு.

"டேய், இது புதன்கிழமை ராத்திரின்னா கண்டிப்பா மக்கர் பண்ணுதுடா" என்றார் சித்தப்பா. அதைக் கேட்டு யாரோ சிரித்தார்களாம், கம்ப்யூட்டருக்கு ஏது கிழமை என்று. கிழமை உண்டு. மைக்ரோசாஃப்ட் மாதாந்திர பாதுகாப்பு அப்டேட்டுகளை 2003-லிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது, அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி காலை 10 மணிக்கு. நமக்கு அது செவ்வாய் இரவு 10.30, அவர்களுக்குக் குளிர்காலம் என்றால் 11.30. கடை அதற்குள் பூட்டியாகிவிடும். புதன் காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் பகல் முழுக்க பின்னால் டவுன்லோட் ஆகி, சாயங்காலம் பவர் பட்டனில் ஆரஞ்சு நிறப் புள்ளி வந்து, ஷட்டவுன் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் "அப்டேட் அண்ட் ஷட்டவுன்" என்று நிற்கும். சித்தப்பா அதைத்தான் அழுத்துவார், யாராக இருந்தாலும் அதைத்தான் அழுத்துவார்கள்.

இந்த "அப்டேட் அண்ட் ஷட்டவுன்" உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் கோபம் பாதி குறையும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் முக்கியமான ஃபைல்கள் பயன்பாட்டில் இருக்கும், அவற்றின் மேல் புதியதை எழுத முடியாது. கடையில் ஆள் நிற்கும்போது தரையைக் கழுவ முடியாதே, அதே சங்கதி. அதனால் முதலில் முடிந்தவரை தயார் செய்து வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் அணைந்து எழும் இடைவெளியில் மீதியை மாற்றும். ஆகவே "அப்டேட் அண்ட் ஷட்டவுன்" என்றாலும் நடுவில் ஒரு ரீஸ்டார்ட் வருவது இயல்புதான், பெரிய அப்டேட் என்றால் ஒன்றுக்கு மேலும் வரும். வேலை எல்லாம் முடிந்த பிறகு, கேட்டபடி அணைய வேண்டும் என்பதை அது ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அந்த ஞாபகம்தான் தவறிக்கொண்டிருந்தது. அப்டேட்டை எல்லாம் முடித்துவிட்டு, லாகின் திரையில் வந்து சும்மா நிற்கும்.

இது சித்தப்பா கடையில் மட்டும் நடந்ததில்லை. விண்டோஸ் 10 காலத்திலிருந்தே பலர் புலம்பிய விஷயம், லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு போய் மறுநாள் எடுத்தால் பேட்டரி காலி, சூடாக வேறு இருக்கும். 2025 அக்டோபர் 28-ல் வந்த கேபி5067036 என்ற முன்னோட்ட அப்டேட்டின் குறிப்பில்தான், "அப்டேட் அண்ட் ஷட்டவுன்" கொடுத்தும் கம்ப்யூட்டர் உண்மையில் அணையாமல் போவதற்கான அடிப்படைக் கோளாறைச் சரிசெய்துவிட்டதாக எழுதினார்கள். ஒற்றை வரி. இத்தனை வருடப் புலம்பலுக்கு ஒற்றை வரி, காரணம் என்னவென்று விளக்கம்கூட இல்லை. முன்னோட்ட அப்டேட்டை எல்லோரும் போட மாட்டார்கள், நவம்பர் 11 செவ்வாய் அப்டேட்டில் அது எல்லோருக்கும் வந்தது. உங்களிடம் வந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்டார்ட்டில் "வின்வெர்" என்று ஆங்கிலத்தில் அடியுங்கள், 24எச்2 என்றால் பில்ட் எண் 26100.7019, 25எச்2 என்றால் 26200.7019, அதற்கு மேல் எதுவானாலும் சரி.

கடை டெஸ்க்டாப் இதற்குப் பின்னால் இருந்தது, ஏனென்றால் அப்டேட்டின் தொல்லை தாங்காமல் "பாஸ்", அதாவது தற்காலிக நிறுத்தம், கொடுத்து வைத்திருந்தார்கள், அதுவும் கொடுத்துக் கொடுத்து 5 வாரம் வரை தள்ளியிருந்தது. அப்டேட்டையே முழுசாக நிறுத்தித் தருகிறேன் என்று ஒரு சர்வீஸ் ஆள் வேறு சொல்லியிருக்கிறார். ஆதார் நகலும் பான் விண்ணப்பமும் ஊரார் பேங்க் பாஸ்புக்கும் வந்து போகும் கம்ப்யூட்டரில் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. அந்தத் தற்காலிக நிறுத்தத்தை எடுத்துவிட்டு, எல்லா அப்டேட்டையும் போட்டு முடித்தேன். அடுத்த அப்டேட்டில் சோதித்தபோது "அப்டேட் அண்ட் ஷட்டவுன்" சொன்னபடி நடந்துகொண்டது. நடுவில் எழுந்தது, சக்கரம் சுற்றியது, சதவீதம் ஓடியது, அணைந்தது.

அணைந்து, நான் பையை எடுத்துத் தோளில் மாட்டுவதற்குள் திரும்ப எழுந்தது.

இங்கேதான் அந்த ஃபேன் சத்தம். முன்பு நடந்தது வேறு, இது வேறு. இப்போது ஃபேன் முழுசாக நின்றது, கேபினெட் விளக்கு அணைந்தது, அப்புறம்தான் எழுந்தது. அப்டேட் எதுவும் நிலுவையில் இல்லாத சாதாரண ஷட்டவுனிலும் இதையே செய்தது. ஆக ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோளாறு, முதலாவது போகும்வரை இரண்டாவது கண்ணில் படவில்லை. கடையில் எல்லோருக்கும் அது ஒரே நோய்தான்: அணைத்தால் அணையாது.

ஈவென்ட் வியூவரைத் திறந்தேன், கம்ப்யூட்டரில் நடப்பதையெல்லாம் விண்டோஸ் எண் போட்டு எழுதி வைக்கும் குறிப்பேடு அது. நிறையப் பேர் இதைத் திறக்கப் பயப்படுகிறார்கள், சிவப்பும் மஞ்சளுமாக ஆயிரம் வரி இருக்கும், அதில் முக்கால்வாசி ஒன்றுக்கும் ஆகாதது. விண்டோஸ் லாக்ஸ் என்பதற்குக் கீழே சிஸ்டம், வலது பக்கம் ஃபில்டர், அதில் எண்ணை மட்டும் கொடுத்தால் போதும். முதலில் 1074. யார் கேட்டு, என்ன கேட்டு கம்ப்யூட்டர் அணைந்தது என்பதை இந்த வரி சொல்லும். "ஷட்டவுன் டைப்" என்ற இடத்தில் "பவர் ஆஃப்" என்றிருந்தால் விண்டோஸுக்கு அணை என்றுதான் கட்டளை போயிருக்கிறது, "ரீஸ்டார்ட்" என்றிருந்தால் யாரோ ரீஸ்டார்ட் கேட்டிருக்கிறார்கள், அந்த யாரோ பெரும்பாலும் ட்ரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற அப்டேட் வேலைக்காரனாக இருக்கும். கூடவே 41-ம் 6008-ம் இருந்தால் கம்ப்யூட்டர் முறையாக அணையாமல் செத்திருக்கிறது என்று பொருள், கரன்ட் போனதாகவோ கிராஷ் ஆனதாகவோ இருக்கலாம். கடையில் மெயின் இறங்கிய இரவுகள் எல்லாம் மறுநாள் காலைத் தேதியில் 6008 ஆக வரிசையாக உட்கார்ந்திருந்தன. நான் சோதித்த ஷட்டவுனுக்கு 1074, பவர் ஆஃப். விண்டோஸ் தன் வேலையைச் செய்துவிட்டது.

அடுத்து 27, கெர்னல் பூட் என்ற பெயரில் வருவது. எழுந்தபோது எந்த வகையில் எழுந்தது என்று ஒரு எண் இருக்கும்: 0x0 என்றால் முழுசாக அணைந்து எழுந்தது, 0x1 என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், 0x2 என்றால் ஹைபர்னேட்டிலிருந்து, அதாவது திறந்திருந்ததை எல்லாம் டிஸ்கில் எழுதிவிட்டு அணைந்த நிலையிலிருந்து. எனக்கு 0x1. இந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைப் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸ் 8-ல், அதாவது 2012-ல் வந்தது. அதிலிருந்து நீங்கள் ஷட்டவுன் அழுத்தும்போது உங்கள் புரோகிராம்கள் மூடுகின்றன, நீங்கள் லாகவுட் ஆகிறீர்கள், ஆனால் விண்டோஸின் உள்கருவை அப்படியே டிஸ்கில் ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டுத்தான் அணைகிறது. அடுத்த முறை அதையே எடுத்துக்கொண்டு எழுகிறது, அதனால் வேகம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையில் எல்லாம் புதிதாகத் தொடங்கும், "ரீஸ்டார்ட் பண்ணுங்க சார், ஷட்டவுன் வேண்டாம்" என்று சர்வீஸ் ஆட்கள் சொல்வது இதனால்தான். சந்தேகமாக இருந்தால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்தில் "அப் டைம்" பாருங்கள், தினமும் அணைக்கும் கம்ப்யூட்டர் பல நாளாக அணையவே இல்லை என்று கணக்குக் காட்டும்.

ஹார்ட் டிஸ்க் காலத்தில் அது பெரிய உதவி, ஒத்துக்கொள்கிறேன். எஸ்எஸ்டி போட்ட கம்ப்யூட்டரில் மிச்சமாவது சில நொடி, அதற்காக ஒவ்வொரு டிரைவரின் பழைய சளியையும் மறுநாளைக்குச் சுமக்க வேண்டுமா? கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், "பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும்" என்ற பக்கம், அதில் முதலில் "இப்போது மாற்ற முடியாத செட்டிங்குகளை மாற்று" என்பதைக் கிளிக் செய்தால்தான் கீழே உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக் திறக்கும். எடுத்துவிட்டேன். எடுக்க விரும்பாதவர்கள் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுக்கலாம், அந்த ஒரு தடவைக்கு முழுசாக அணையும்.

டிக்கை எடுத்தும் எழுந்தது. இந்தத் தடவை 27-ல் 0x0, அதாவது முழுசாக அணைந்த நிலையிலிருந்தே எழுந்திருக்கிறது. நல்ல செய்திதான், ஒரு சந்தேகப் பேர்வழி விடுதலை.

முழுசாக அணைந்த டெஸ்க்டாப்பை எழுப்பக்கூடியவை அவ்வளவு அதிகமில்லை. எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டிக்குக் கரன்ட் வரும்வரை மதர்போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும், அதில்தான் பவர் பட்டன், பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அலாரம், கீபோர்டு, மவுஸ், நெட்வொர்க் கார்டு எல்லாம் அரைக்கண் திறந்து காத்திருக்கும். விண்டோஸுக்கே ஒரு கட்டளை உண்டு, பவர்சிஎஃப்ஜி என்று. அதை டிவைஸ்க்வெரி, வேக் ஆர்ம்டு என்ற சொற்களோடு கொடுத்தால் எந்தெந்தச் சாதனத்துக்கு எழுப்பும் உரிமை இருக்கிறது என்று பட்டியல் போடும். வேக்டைமர்ஸ் என்று கொடுத்தால் அலாரம் வைத்திருக்கும் வேலைகளைக் காட்டும், அப்டேட்டுக்காக நள்ளிரவில் எழுப்பும் வேலை அங்கே தென்படலாம். ஆனால் அந்த டைமர் எல்லாம் ஸ்லீப்பிலிருந்தும் ஹைபர்னேட்டிலிருந்தும்தான் எழுப்பும், முழுசாக அணைந்ததை அது எழுப்பாது. கடைசியாக எழுப்பியது எது என்று லாஸ்ட்வேக் கொடுத்துக் கேட்டுப் பார்த்ததில் பூஜ்யம் என்றது. முழுசாக அணைந்து எழுந்தால் விண்டோஸைப் பொறுத்தவரை அது விழிப்பு இல்லை, புதுப் பிறப்பு, முன்ஜென்மம் அதற்கு ஞாபகம் இருக்காது. பட்டியலில் இருந்தவை கீபோர்டு, மவுஸ், நெட்வொர்க் கார்டு.

இனி சாஃப்ட்வேரில் தேடுவதைவிட ஒயரைப் பிடுங்குவது சுலபம். மவுஸும் கீபோர்டும் பிடுங்கி ஷட்டவுன், எழுந்தது. அவற்றைச் செருகிவிட்டு நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி ஷட்டவுன், எழவில்லை. டீ வரவழைத்துக் குடித்து முடித்தோம், அப்போதும் எழவில்லை. கேபிளைத் திரும்பச் செருகி ஷட்டவுன், எழுந்தது. பக்கத்து மேசை லேப்டாப்பை அணைத்துவிட்டு அதே சோதனை, எழவில்லை. லேப்டாப்பைப் போட்டு, ஷேர்டு ஃபோல்டரைத் திறக்கப் போனதும் டெஸ்க்டாப் எழுந்து உட்கார்ந்தது. சித்தப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அப்போ இவன்தான் அவன எழுப்பிவிடுறானா?" என்றார். அவன்தான். லேப்டாப் ஃபோல்டரைத் தேடி ரவுட்டர் வழியாகக் குரல் கொடுக்கிறது, அணைந்து கிடக்கும் டெஸ்க்டாப்பின் நெட்வொர்க் கார்டு அதைக் கேட்டு வீட்டையே எழுப்புகிறது. டெஸ்க்டாப்பை அணைத்த பிறகு லேப்டாப்பை மூடுவது கடையின் வழக்கம், அந்த இடைவெளி போதுமே.

சரி, ஏன் திடீரென்று? டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து டிரைவர் தாவலில் தேதியைப் பார்த்தேன், புதுசு. ஈவென்ட் வியூவரில் 19 என்ற எண், அதாவது வெற்றிகரமாகப் போட்ட அப்டேட்டுகள், அதில் இந்த நெட்வொர்க் டிரைவரும் இருந்தது, மாதாந்திர அப்டேட்டோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. புது டிரைவர் வரும்போது அட்வான்ஸ்டு தாவலில் உள்ள அமைப்புகள் எல்லாம் அது நினைக்கிற இயல்பு நிலைக்குத் திரும்பியிருக்கின்றன. அங்கே "ஷட்டவுன் வேக் ஆன் லேன்" என்று ஒரு வரி, அணைந்த கம்ப்யூட்டரை நெட்வொர்க் வழியாக எழுப்புவது, எனேபிள்டு. "வேக் ஆன் பேட்டர்ன் மேட்ச்", அதாவது குறிப்பிட்ட வகைச் செய்தி வந்தால் எழுவது, எனேபிள்டு. "வேக் ஆன் மேஜிக் பேக்கெட்", எழுப்புவதற்கென்றே அனுப்பும் செய்திக்கு எழுவது, அதுவும். இதில் வேடிக்கை என்னவென்றால் விண்டோஸ் 8-லிருந்து, ஷட்டவுன் ஆன கம்ப்யூட்டரை நெட்வொர்க் வழியாக எழுப்பும் ஏற்பாட்டை விண்டோஸ் தானாகச் செய்வதில்லை, அணைத்தவர் அணைந்திருக்கும் என்றுதான் எதிர்பார்ப்பார் என்ற நல்ல எண்ணம். டிரைவர் எழுதுகிறவர்கள் தங்கள் பங்குக்குத் தனி வரி ஒன்று வைத்து அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். நூறு கம்ப்யூட்டரை ராத்திரி ஒரே இடத்திலிருந்து எழுப்ப வேண்டிய பெரிய ஆபீஸுக்கு அது தேவைதான், இரண்டு கம்ப்யூட்டர் உள்ள கடைக்கு அதை ஏன் முதலிலேயே ஆனில் வைக்க வேண்டும்?

ஷட்டவுன் வேக் ஆன் லேனை டிசேபிள் செய்தேன், பேட்டர்ன் மேட்சையும் மேஜிக் பேக்கெட்டையும் கூட. பவர் மேனேஜ்மென்ட் தாவலில் "இந்தச் சாதனம் கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதி" என்ற டிக்கையும் எடுத்தேன். ஒன்று மட்டும் போதுமே என்று தோன்றலாம், ஆனால் இந்த இரண்டு தாவலும் ஒன்றையொன்று மதிப்பதில்லை என்பது என் அனுபவம். ஷட்டவுன். லேப்டாப்பிலிருந்து ஃபோல்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன், டெஸ்க்டாப் அசையவில்லை.

இத்தோடு விட்டால் அடுத்த டிரைவர் வரும்போது அத்தனையும் திரும்ப எனேபிள் ஆகும். அதற்கு மேலே ஒரு பூட்டு இருக்கிறது, பயாஸில். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், சிலதில் "இஆர்பி", சிலதில் "டீப் ஸ்லீப்". ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் ஒரு விதி போட்டது, அணைந்து கிடக்கும் மின்சாதனம் 2010-லிருந்து 1 வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது என்று, 2013-ல் அதை அரை வாட் ஆக்கினார்கள். அதற்காக மதர்போர்டுக்காரர்கள் வைத்த வசதி இது, எனேபிள் செய்தால் அணைந்த பிறகு நெட்வொர்க் கார்டு, யுஎஸ்பி எல்லாவற்றுக்கும் போகும் ஸ்டாண்ட்பை கரன்டையே வெட்டிவிடும். கரன்ட் இல்லாத நெட்வொர்க் கார்டு எந்த டிரைவர் சொன்னாலும் யாரையும் எழுப்ப முடியாது. அதே பக்கத்தில் "ஏசி பவர் லாஸ்" என்ற வரியில் "பவர் ஆன்" என்று இருந்தது. கரன்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் தானாக எழும் என்று பொருள். யுபிஎஸ் இல்லாமல் பவர் கட் வரும் ஊரில் இது தனித் தொல்லை, அணைத்த கம்ப்யூட்டர் ராத்திரி கரன்ட் வந்ததும் எழுந்துவிடும், அதையும் அப்டேட் தலையில் கட்டுவார்கள். மாற்றப் போனேன், சித்தப்பா தடுத்துவிட்டார். "காலையில மெயின் போட்டா தானா வருது பாரு, அத மட்டும் எடுத்துடாத." சரி, இருக்கட்டும். அவர் கடையில் ராத்திரி மெயினே இறங்கிவிடுகிறது, நஷ்டமில்லை.

லேப்டாப்பின் கதை சின்னது, ஆனால் மூன்றாவது வகை என்பதால் சொல்கிறேன். அதில் எப்போதாவது ஷட்டவுன் கொடுத்தால் "ஷட்டிங் டவுன்" என்று சில நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு ஃபேன் நிற்காமல் ரீஸ்டார்ட் ஆகும். அணையும் வழியில் நீலத் திரை விழுந்து, அதை யாரும் பார்க்கும் முன்னே தானாக ரீஸ்டார்ட் ஆவதுதான் இது. சிஸ்டம் பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரிக்கவரி, அதில் "ஆட்டோமேட்டிக்காக ரீஸ்டார்ட்" என்ற டிக்கை எடுத்துவிட்டு மறுபடி அது நடக்கும்வரை விட்டுவைத்தேன். நடந்தபோது திரை நீலமாக நின்றது, 'டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்' என்ற வாசகத்தோடு. ஏதோ ஒரு சாதனத்தின் டிரைவர் "நான் அணைந்துவிட்டேன்" என்று பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் வருவது. யுஎஸ்பியில் எப்போதும் செருகியே இருந்த கைரேகை ஸ்கேனரைக் கழற்றிவிட்டு அணைத்தால் ஒழுங்காக அணைந்தது. அந்த ஸ்கேனரின் டிரைவர் பழசு, புதியதைப் போட்டதும் செருகிய நிலையிலும் அணைகிறது. டிக்கைத் திரும்ப வைத்துவிட்டேன்.

விண்டோஸ் தரப்பிலேயே கோளாறு வருவதும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2026 ஜனவரி 13 அப்டேட்டுக்கு அப்புறம் விண்டோஸ் 11, 23எச்2 பதிப்பில் செக்யூர் லாஞ்ச் என்ற பாதுகாப்பு ஆனில் இருந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் சில, ஷட்டவுனோ ஹைபர்னேட்டோ கொடுத்தால் ரீஸ்டார்ட் ஆயின. சில நாளில், ஜனவரி 17-ல், அவசரத் திருத்தம் வந்துவிட்டது. அதுவரை அவர்கள் சொன்ன மாற்று வழி, கமாண்ட் பிராம்ப்டில் ஷட்டவுன் என்று அடித்து, சாய்கோடு எஸ், சாய்கோடு டி, 0 என்று கொடுப்பது. சித்தப்பா கடையில் இருப்பது வேறு பதிப்பு, அதனால் அது எங்களைத் தொடவில்லை. விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று நண்பன் ஒருவன் கிளம்பினான், அவனுக்காக: லினக்ஸ் கெர்னலின் யுஎஸ்பி டிரைவரில் "ஸ்பூரியஸ் ரீபூட்" என்றே பெயர் வைத்து ஒரு விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், சில இன்டெல் போர்டுகள் அணைத்ததும் தானாக எழுந்ததால்.

கடை வழக்கத்தில் மாற்றியது ஒன்றுதான். ஆரஞ்சுப் புள்ளியைப் பார்த்தால் இரவுவரை வைத்திருக்காமல், கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் "அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்" கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போவது. இரவில் வெறும் ஷட்டவுன். புள்ளியை மத்தியானம் தவறவிட்டால், இரவில் மெனுவில் வெறும் ஷட்டவுனும் தனியாக இருந்தால் அதையே அழுத்திவிட்டு அப்டேட்டை மறுநாளைக்கு விடலாம், ஒன்றும் குடிமுழுகாது. விண்டோஸ் அப்டேட் செட்டிங்ஸில் ஆக்டிவ் ஹவர்ஸையும் காலை 8 முதல் இரவு 11 வரை நானே கொடுத்துவிட்டேன், அதிகபட்சம் 18 மணி நேரம் வரை கொடுக்கலாம். அந்த நேரத்தில் அது தானாக ரீஸ்டார்ட் ஆகாது.

இஆர்பி போட்டதில் ஒரு குறை வந்தது. கடையில் மத்தியானம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அதன் யுஎஸ்பியிலேயே போனைச் சார்ஜில் போட்டுக் கொஞ்சம் கண்ணயர்வது சித்தப்பாவின் பழக்கம். இப்போது அணைந்தால் யுஎஸ்பியிலும் கரன்ட் வராது. "நீ ரிப்பேர் பண்ணதுக்கு அப்புறம் போன் சார்ஜ் ஏறலடா" என்று போன் வந்தது, மீதி இருந்த மூன்று சதவீதத்தில். சுவரில் ஒரு சார்ஜர் மாட்டிக்கொடுத்தேன்.